வண்டியை விற்பதற்கு முன் ஃபேனைப் பாருங்கள்

கேள்வி இதுதான்: வீட்டில் 17 வயதுப் பெட்ரோல் கார் ஒன்று, ஓடியது 1,80,000 கி.மீ. நெரிசலில் நின்றால் டெம்பரேச்சர் முள் ஏறுகிறது, வேகம் பிடித்தால் இறங்கிவிடுகிறது. கூலண்டும் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. மெக்கானிக் "ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் மூடியான ஹெட்டுக்கும் நடுவில் உள்ள அடைப்புத் தகடு) போயிருக்கும், ஹெட்டை இறக்கணும்" என்கிறார். கூடவே ஒரு பழைய டீசல் பிக்கப். காலையில் செல்ஃப் அடித்தால் வெள்ளைப் புகையாகத் தள்ளி, நெடுநேரம் சுற்றிய பிறகே ஸ்டார்ட் ஆகிறது. இரண்டில் எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது?

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு இரண்டையும் விற்க வேண்டாம், ஹெட்டையும் இறக்க வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளின்படி காரில் முதல் சந்தேகம் ஃபேன் மேல்தான் வருகிறது, பிக்கப்பில் ஹீட்டர் பிளக் (குளிர்ந்த டீசல் இன்ஜின் பற்றிக்கொள்ளச் சூடேற்றும் பிளக்) மேல். இரண்டையும் வாசலில் நிறுத்தியே சோதித்துவிடலாம். பழைய வண்டிகளில் பணம் வீணாவது பெரும்பாலும் இரண்டு வழிகளில்: அளந்து பார்க்காமல் பெரிய வேலைக்குச் சம்மதிப்பது, அல்லது அந்தப் பெரிய வேலைக்குப் பயந்து நல்ல வண்டியைத் தள்ளிவிடுவது. பழுது என்ன என்பது ஒரு கேள்வி, வண்டியை வைத்துக்கொள்வதா என்பது வேறு கேள்வி. முதலாவதற்கு விடை கிடைக்கும்வரை இரண்டாவதைத் தொடாதீர்கள்.

காரிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஓடும்போது ரேடியேட்டருக்குள் காற்று தானாகப் புகுகிறது. நின்றால் ஃபேன்தான் இழுத்துத் தர வேண்டும். வேகத்தில் முள் ஒழுங்காக நிற்கிறது என்றால் தண்ணீர் சுற்றுகிறது, தெர்மோஸ்டாட் (சூடேறியதும் தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறக்கிறது, ரேடியேட்டரும் ஓரளவு வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். குறை காற்றில் இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, நெரிசலில் ஒழுங்காக இருந்துவிட்டு மேடு ஏறும்போதோ வேகமாகப் போகும்போதோ சூடேறினால் தேட வேண்டிய இடங்களே வேறு: உள்ளே அடைத்த ரேடியேட்டர், பாதியில் சிக்கிய தெர்மோஸ்டாட், இறக்கை அரித்துப்போன வாட்டர் பம்ப், உறிஞ்சலில் சப்பிப்போகும் கீழ் ஹோஸ்.

இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சில நொடிகளில் ஃபேன் சுற்ற ஆரம்பித்துவிடும். வராவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் போங்கள். ஃபியூஸ் பெட்டியில் அதே எண் போட்ட இன்னொரு ரிலே இருந்தால் இரண்டையும் இடம் மாற்றிச் செருகிப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. மோட்டாரைச் சோதிக்க, இன்ஜினை நிறுத்திவிட்டு அதன் சாக்கெட்டைக் கழற்றி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த ஒயர் மூலம் நேராகக் கரண்ட் கொடுங்கள். சுற்றினால் மட்டும் போதாது. கார்பன் தேய்ந்த மோட்டார் குளிர்ந்திருக்கும்போது நன்றாகவே சுற்றும், சூடேறியதும் நின்றுவிடும். ஆகவே பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். இரண்டு வேகம் உள்ள ஃபேனில் குறைந்த வேகத்துக்கான ரெசிஸ்டர் எரிந்துபோவது பழைய கார்களில் சகஜம். அப்போது முள் நன்றாக ஏறிய பிறகுதான் ஃபேன் முழு வேகத்தில் வரும். நீங்கள் சொல்வதோடு இதுவும் பொருந்துகிறது.

ஃபேன் சரியாக இருந்தால் ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் உள்ள இடுக்கைப் பாருங்கள். முன்னாலிருந்து பார்த்தால் சுத்தமாகத் தெரியும். பின்னால் டார்ச் பிடித்து முன்னால் வெளிச்சம் வருகிறதா என்று பாருங்கள். பூச்சியும் தூசியும் சேர்ந்து அந்த இடுக்கில் கம்பளி விரித்த மாதிரி படிந்திருக்கும். மெதுவான தண்ணீரால், இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளிக் கழுவ வேண்டும். பிரஷர் வாஷரைக் கிட்டே பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும்.

கூலண்ட் குறைவதைத் தனியாகத்தான் விசாரிக்க வேண்டும். முதலில் ரேடியேட்டர் மூடி. பல கார்களில் அது சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைக்கிறது. அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 100 டிகிரியில் கொதிக்காமல் 120 டிகிரி வரை தாங்கும். மூடியின் ரப்பர் காய்ந்து ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் அந்தத் தாங்கும் சக்தி போய்விடுகிறது. நெரிசலில் கொஞ்சம் சூடேறினாலே பொங்கி வழியும், பார்ப்பவருக்கு கேஸ்கெட் போன மாதிரியே தெரியும். மூடி விலை மலிவான பொருள், சந்தேகம் வந்தாலே மாற்றிவிடலாம். இன்ஜின் சூடாக இருக்கும்போது மட்டும் மூடியில் கை வைக்காதீர்கள். அழுத்தம் விட்ட நொடியில் உள்ளே இருப்பது கொதித்து முகத்துக்கே பாயும்.

அடுத்தது பிரஷர் டெஸ்ட். குளிர்ந்த இன்ஜினில் மூடிக்குப் பதிலாகக் கைப்பம்பை மாட்டி, மூடியில் அச்சிட்ட அழுத்தம் வரை ஏற்றி, கால் மணி நேரம் விட்டுவிட வேண்டும். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. வாட்டர் பம்பின் அடியில் கசிவு தெரிவதற்கென்றே விட்ட சிறு துளை, ஹோஸ் கிளாம்புகள், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பு, இந்த மூன்றையும் விரலால் தடவிப் பாருங்கள். காருக்குள் முன்பக்கக் கார்ப்பெட் ஈரமாக இருந்து, கண்ணாடியில் பிசுபிசுப்பான ஆவி படிந்து, இனிப்பு வாடை வந்தால் ஹீட்டர் கோர் (காருக்குள் சூடு தரும் சிறு ரேடியேட்டர்) ஒழுகுகிறது.

வெளியே எங்குமே கசிவில்லாமல் அளவு மட்டும் குறைந்தால்தான் ஹெட் கேஸ்கெட் பேச்சுக்கு வர வேண்டும். அதற்கும் ஊகம் தேவையில்லை, நேரடிச் சோதனை இருக்கிறது. சிறு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவம் ஊற்றி, கூலண்டைச் சற்றுக் குறைத்துவிட்டு, அதைக் குளிர்ந்த ரேடியேட்டரின் வாயில் பொருத்தி, இன்ஜினைச் சூடாக்கி ஓடவிடுவார்கள். மேலே உள்ள ரப்பர் பந்தை அழுத்தி அழுத்தி விட்டால் கூலண்டுக்கு மேலே உள்ள காற்று அந்தத் திரவத்தின் வழியாகக் குமிழி விட்டு ஏறும். சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் கசிந்திருந்தால் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டு நீலம் மஞ்சளாக மாறும். மாறவில்லை என்றால் கேஸ்கெட்டைக் குற்றம் சொல்ல ஆதாரம் குறைவு. கசிவு சிறியதாக இருந்தால் ஒரு முறை தப்பிவிடலாம் என்பதால், நல்ல சுமை கொடுத்து ஓட்டிவந்து, ஆறவைத்துப் பொருத்தி, இன்னொரு முறை செய்யச் சொல்லுங்கள். இந்தச் சோதனையைச் செய்து காட்டாமல் ஹெட்டை இறக்கச் சொல்கிற இடத்தில் வண்டியை விடாதீர்கள்.

கருவி கைக்கு வரும்வரை நீங்களே ஒன்று செய்யலாம். இரவு முழுக்க ஆறிய இன்ஜினைக் காலையில் ஸ்டார்ட் செய்து, ஒன்றிரண்டு நிமிடத்தில் மேல் ஹோஸைப் பிடித்து அழுத்துங்கள். கூலண்ட் இன்னும் சூடாகவில்லை, ஆனால் ஹோஸ் கல் மாதிரி விறைத்துவிட்டது என்றால் உள்ளே அழுத்தம் ஏற்றுவது சிலிண்டரில் எரிந்த வாயுதான். ஆயில் மூடியின் அடியில் வெளிர் நுரையைப் பார்த்துப் பலர் கலங்கிப்போகிறார்கள். குறுகிய தூரம் மட்டும் ஓடும் காரில் அது வெறும் நீராவிப் படிவாக இருக்கலாம். டிப்ஸ்டிக்கில் உள்ள ஆயிலே பாலாகியிருந்தால்தான் பயப்பட வேண்டும்.

இதெல்லாம் முடியும்வரை காரை ஓட்டியே ஆக வேண்டும் என்றால், முள் நடுவைத் தாண்டியதும் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுச் சூட்டில், முழு வேகத்தில் வையுங்கள். ஹீட்டரும் ஒரு சிறு ரேடியேட்டர்தான். அப்போதும் ஏறினால் ஓரம் கட்டி நிறுத்துங்கள். முள் சிவப்பில் இருக்கும்போது "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று ஓட்டுவதுதான் நல்ல கேஸ்கெட்டையும் கெடுத்து, அலுமினிய ஹெட்டையும் வளைத்துவிடுகிறது.

இனி பிக்கப். செல்ஃப் அடிக்கும்போது வெள்ளைப் புகை வருகிறது என்பது நல்ல செய்தி. டீசல் உள்ளே போகிறது, எரியாமல் வெளியே வருகிறது. புகையே இல்லாமல் சும்மா சுற்றிக்கொண்டிருந்தால் டீசல் வரவில்லை, லைனில் ஏர் பிடித்திருக்கிறது அல்லது ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று போக வேண்டும். உங்கள் வண்டியில் டீசல் இருக்கிறது, பற்றவைக்கும் சூடு இல்லை. அந்தச் சூடு மூன்று இடங்களிலிருந்து வருகிறது: ஹீட்டர் பிளக், இன்ஜின் சுற்றும் வேகம், கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தும் அளவு). சோதிப்பதும் இதே வரிசையில், ஏனென்றால் செலவும் இதே வரிசையில்தான் ஏறுகிறது.

ஹீட்டர் பிளக்கின் மேலே உள்ள இணைப்புத் தகட்டைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, ஒவ்வொரு பிளக்கின் முனைக்கும் இன்ஜின் உடம்புக்கும் நடுவே அளக்கவும். நல்ல பிளக் பொதுவாக ஒன்றிரண்டு ஓமுக்குள் காட்டும். எதுவுமே காட்டாத பிளக் எரிந்துவிட்டது. நான்கில் இரண்டு போனாலே குளிர் காலையில் உங்கள் வண்டி செய்வதைத்தான் செய்யும். எல்லாம் நன்றாக இருந்தால் சாவி போட்டதும் அந்தத் தகட்டுக்குக் கரண்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ரிலே. பல வருடம் அசையாத பிளக்கைக் கழற்றும்போது முறுக்கினால் உள்ளேயே உடையும், அது பெரிய தலைவலி. இன்ஜினைச் சூடாக்கி, துருவை இளக்கும் எண்ணெய் விட்டு, பொறுமையாக முன்னும் பின்னும் அசைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் எல்லோரும் உடனே பேட்டரியை மாற்றுகிறார்கள். முதலில் அளவு பாருங்கள். ஒரு இரவு ஓய்ந்த நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12.4க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி சோதியுங்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.6க்குக் கீழே விழுந்தால் பேட்டரி மேல் சந்தேகம் நியாயம். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை வராவிட்டால் ஆல்டர்னேட்டர் பக்கம் போங்கள். பழைய வண்டிகளில் இந்த எண்களெல்லாம் சரியாக இருந்தும் செல்ஃப் இழுக்காமல் போவது உண்டு. காரணம் கேபிளிலும் எர்த்திலும் இருக்கும். மீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் முளையின் மேல் வையுங்கள். கிளாம்பின் மேல் வைக்காதீர்கள், ஏனென்றால் முளைக்கும் கிளாம்புக்கும் நடுவே உள்ள உப்புப் படிவுதான் பல நேரம் குற்றவாளி. கறுப்பு முனையைச் செல்ஃப் மோட்டாரின் தடித்த போல்ட்டில் வைத்து ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த வோல்ட் கேபிளிலேயே தொலைகிறது. பிறகு பேட்டரியின் நெகட்டிவ் முளைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவே அதே மாதிரி பாருங்கள். அங்கே 0.2, 0.3க்கு மேல் போகக் கூடாது. போனால் இன்ஜினிலிருந்து சேஸுக்கு வரும் எர்த் பட்டையைக் கழற்றி, உலோகம் பளபளக்கும்வரை தேய்த்து மாட்டுங்கள். இந்த ஒரு அளவைக் கற்றுக்கொண்டவர் பழைய வண்டிகளில் பேட்டரி, செல்ஃப், லைட், ஹாரன் என்று வரும் தொல்லைகளில் பெரும்பகுதியைத் தானே கண்டுபிடித்துவிடுவார். அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

பிளக்கும் நன்று, சுழற்சியும் வேகம் என்ற பிறகும் புகை நிற்காவிட்டால் கம்ப்ரஷன். டீசலுக்கென்று உள்ள கேஜ்தான் வேண்டும். நல்ல டீசல் இன்ஜின் 25 பாருக்கு மேல் அழுத்தும் என்பதால் பெட்ரோல் கேஜ் தாங்காது. தனித்தனி எண்ணைவிடச் சிலிண்டர்களுக்குள் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். எல்லாம் ஒரே அளவில் கொஞ்சம் குறைந்திருந்தால் அது வயது, இன்னும் சில வருடம் ஓடும். ஒன்று மட்டும் தனியாக விழுந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் வேலை இருக்கிறது.

காரில் செக் இன்ஜின் விளக்கும் எரிந்தால் ஒரு ஸ்கேனரை மாட்டிப் பார்ப்பது எளிது. ஆனால் வரும் கோட் எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை. பி0171 என்றால் கலவையில் பெட்ரோல் குறைவு என்று மட்டும் பொருள். காரணம் விரிசல் விட்ட வேக்கம் ஹோஸாக இருக்கலாம், அழுக்கான காற்று சென்சாராக இருக்கலாம், சோர்ந்த பெட்ரோல் பம்பாகவும் இருக்கலாம். ஃபியூல் டிரிம் எண் (கலவையைச் சரிக்கட்ட இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டுகிறது என்பது, ஸ்கேனரில் தெரியும்) ஐடிலில் அதிகமாக இருந்து ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் இயல்புக்கு வந்தால் காற்றுக் கசிவு. சுமை ஏற ஏற அதுவும் ஏறினால் பெட்ரோல் வருவது போதவில்லை. கோட் எண்ணை மட்டும் பார்த்து ஆக்ஸிஜன் சென்சாரை வாங்கி மாட்டும் முன் இதைப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மூன்று பாகத்தைச் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்றும் தெரியாது, புதிதாக மாட்டியதிலேயே ஒன்று குறையுள்ளது என்றால் அதுவும் தெரியாது.

பழுது தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போதுதான் வைத்துக்கொள்வதா என்ற கேள்வி. நான் இன்ஜினிலிருந்து தொடங்க மாட்டேன், அடியில் போய்ப் படுத்துப் பார்ப்பேன். இன்ஜினை, கியர் பாக்ஸை, ஃபேனை மாற்றலாம். உடம்பு துருவில் போய்விட்டால் அதில் மாட்டும் நல்ல இன்ஜினும் வீண். காரில் கதவுக்குக் கீழே ஓடும் பக்கவாட்டுச் சட்டம், முன் ஷாக் அப்சார்பர் ஏறி உட்காரும் மேடை, சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்கள். பிக்கப்பில் சேஸின் பின் அச்சுக்கு மேலே உள்ள வளைவு, பட்டை ஸ்பிரிங்கைப் பிடிக்கும் தாங்கிகள், சேஸ் மூடிய பெட்டியாக இருந்து உள்ளே சேறு தங்கும் பகுதிகள். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், உள்ளே தின்றுபோன இடம் மொத்தென்று கேட்கும். அங்கே முனையால் குத்துங்கள். உள்ளே இறங்கினால் கேள்வி அங்கேயே முடிந்தது. மேலே துரு படிந்து சுரண்டினால் கெட்டியான இரும்பு தெரிந்தால் கவலை வேண்டாம். பிரேக் பைப்புகளையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள். கொப்புளம் விட்ட பைப்பை அன்றே மாற்ற வேண்டும்.

உடம்பு நன்றாக இருந்தால் அடுத்தது கணக்கு. ரிப்பேர் செலவை வண்டியின் விற்பனை விலையோடு ஒப்பிட்டு "வண்டி விலையில் பாதி செலவாகிறதே" என்று சொல்வது வழக்கம். இந்த ஒப்பீட்டை நான் ஏற்பதில்லை. நீங்கள் காரை விற்று நடந்து போகப் போவதில்லை, வேறு வண்டி வாங்கப் போகிறீர்கள். ஆகவே ஒரு பக்கம் இந்தக் காரை இன்னும் இரண்டு வருடம் ஓட்ட ஆகும் மொத்தச் செலவு. மறுபக்கம் வேறு வண்டி வாங்க ஆகும் பணம், வட்டி, காப்பீடு, வாங்கிய உடனே அதற்குச் செய்ய வேண்டிய வேலை, இதிலிருந்து இரண்டு வருடம் கழித்து அதை விற்றால் கிடைப்பதைக் கழித்தது. இதுவரை இந்தக் காரில் போட்ட பணத்தை எந்தப் பக்கத்திலும் எழுதாதீர்கள், அது போய்விட்டது. வேறு ஒருவர் விற்கும் பழைய வண்டியில் என்னென்ன மறைந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. உங்கள் வண்டியில் தெரியும். இந்தத் தெரிதலுக்கு உண்மையான பண மதிப்பு உண்டு.

வைத்துக்கொள்ளும் பக்கத்தில் எழுதும்போது வரப்போகும் வேலைகளையும் சேர்க்க வேண்டும். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின் என்றால் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்ற ரசீது இருக்கிறதா? இல்லையென்றால் மாற்றவில்லை என்றே கொள்ளுங்கள். பல இன்ஜின்களில் அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி இன்ஜினே போய்விடும். கி.மீ. கணக்கு எட்டாவிட்டாலும் வருடக் கணக்கில் ரப்பர் கெடும். பெல்ட்டோடு வாட்டர் பம்பும் சேர்ந்து ஓடும் இன்ஜினில் இரண்டையும் ஒன்றாக மாற்றினால் கூலி ஒரு முறைதான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் 10 வயதான டயரில் குடும்பத்தை ஏற்ற வேண்டாம். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 தரத்தில் புதிய ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது, ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பே 155க்கு இறங்குகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் மிதி திடீரென்று பஞ்சாவது இதனால்தான்.

எண்களால் எடைபோட முடியாத ஒன்று, யார் ஓட்டப் போகிறார்கள் என்பது. சறுக்கும்போது வண்டியைத் தானாகக் கட்டுக்குள் கொண்டுவரும் எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் அமெரிக்காவில் 2012 மாடலிலிருந்துதான் எல்லாக் கார்களுக்கும் கட்டாயமானது, ஐரோப்பிய ஒன்றியத்தில் புதிய கார்கள் எல்லாவற்றுக்கும் 2014இலிருந்து. உங்கள் கார் அதற்கு முந்தையது, அநேகமாக அது இருக்காது. நீங்கள் ஓட்டுவதாக இருந்தால் நான் பொருட்படுத்த மாட்டேன். இப்போதுதான் லைசென்ஸ் எடுத்த பிள்ளை தினமும் ஓட்டப் போகிறது என்றால், இன்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும், பிள்ளைக்கு அது உள்ள வண்டியாகப் பார்த்து வாங்குங்கள்.

உங்களுக்கு என் யோசனை: ஃபேன் அல்லது மூடி என்று தெரிந்து, அடிப்பகுதியும் நன்றாக இருந்தால் காரை வைத்துக்கொள்ளுங்கள். நீலம் மஞ்சளாகி, உடம்பு நன்றாக இருந்தால் ஹெட் வேலையைச் செய்யலாம். ஆனால் ஹெட்டை இயந்திரத்தில் வைத்துச் சமமாக இருக்கிறதா என்று அளந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள், முறுக்கினால் நீளும் வகை ஹெட் போல்ட் என்றால் புதிது போடச் சொல்லுங்கள், பெல்ட், பம்ப், தெர்மோஸ்டாட்டையும் அப்போதே முடித்துவிடுங்கள். நீலமும் மஞ்சளாகி, சட்டமும் துருவில் போயிருந்தால் காரை விட்டுவிடுங்கள். பிக்கப் ஹீட்டர் பிளக்கோடு சரியாகிவிட்டால் அதை விற்க எனக்குக் காரணம் தெரியவில்லை. ஸ்பிரிங் தாங்கியில் துரு இறங்கியிருந்தால் மட்டும், அதைச் சரிசெய்து பார்க்கும்வரை பாரம் ஏற்றாதீர்கள்.

எந்த முடிவானாலும் ஒன்றை இந்த வாரமே செய்துவிடுங்கள். அந்தக் காலத்துப் பல கார்களில் டகாட்டா நிறுவனத்தின் ஏர்பேக் இன்ஃப்ளேட்டர் இருக்கிறது. அதில் உள்ள அம்மோனியம் நைட்ரேட் வருடக்கணக்கான வெப்பத்திலும் ஈரத்திலும் கெட்டு, ஏர்பேக் விரியும்போது உலோக உறையையே வெடித்துச் சிதறச் செய்து உயிர்களைப் பறித்திருக்கிறது. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6.7 கோடி ஏர்பேக்குகள் திரும்பப் பெறும் (ரீகால்) பட்டியலில் சேர்ந்தன. காரின் 17 இலக்க அடையாள எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் ரீகால் பக்கத்தில் பார்த்தால் உங்கள் வண்டி அதில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். இந்த ரீகாலில் மாற்றித் தருவதற்கு உரிமையாளரிடம் காசு வாங்குவதில்லை. காரை விற்பதாக முடிவெடுத்தாலும் இதை முடித்துவிட்டே கைமாற்றுங்கள்.